காஃபிலாவும் பாளையமும்: மஅபர் வழியில் இப்னு பதூதா

அரபு மொழியில் பயணக் கூட்டத்திற்குக் ‘காஃபிலா’ என்று பெயர். அதன் வேர்ச்சொல்லாகிய ‘கஃபல’ என்பதற்குத் ‘திரும்பி வந்தான்’ என்பதே பொருள். புறப்பட்டுச் செல்லும் கூட்டத்தைத் திரும்பி வருவோர் என்று அழைத்தது ஏன் என்பதற்கு அகராதி ஆசிரியர்கள் ஒரு விளக்கம் தருகின்றனர். சென்றவர்கள் நலமாகத் திரும்ப வேண்டும் என்ற நன்னிமித்தமே அப்பெயருக்குக் காரணம் என்பர். தமிழில் இதற்கு இணையான சொல் ‘சாத்து’. பாலைத் திணைப் பாடல்களில் வரும் வணிகச் சாத்தும், வழியில் அவர்களை மறித்துக் கொள்ளையிடும் ஆறலை கள்வரும் தமிழ் கற்றோர் அறிந்தவையே. வழிப்பயணத்தின் அச்சமும், திரும்பி வர வேண்டும் என்ற ஏக்கமும் இரு மொழிகளுக்கும் பொதுவானவை.

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று உற்றுநோக்குமாறு திருமறை பல இடங்களில் அழைக்கிறது. அவ்வழைப்பைத் தம் வாழ்நாள் முழுவதற்கும் உரியதாக ஏற்றவர்களுள் தலையாயவர் இப்னு பதூதா (ரஹ்). ஹிஜ்ரி 703, அதாவது கி.பி. 1304-இல் மொராக்கோவின் தஞ்சா நகரில் பிறந்த அவர், 1325 ஜூன் மாதத்தில், தம் இருபத்தொன்றாம் வயதில் ஹஜ்ஜை நாடி வீட்டை விட்டுப் புறப்பட்டார். அரபுப் பாலைவனத்தின் பெருங்காஃபிலாக்களில் பயணம் செய்த அவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் நம் தமிழகத்தின் கடற்கரையில் வந்து ஒதுங்கினார். இங்கே ஒரு சுல்தானின் பாளையத்தில் கூடாரமடித்துத் தங்கினார். காடும் கரையும் கடந்து மதுரைக்கு வந்தார். அப்பயணத்தில் அவர் கண்டவற்றையும், அவற்றை இன்று நாம் எவ்வாறு படிக்க வேண்டும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலைவன வழி

முதலில் பாலைவனக் காஃபிலாவின் இயல்பைச் சிறிது காண்போம். அதனை அறிந்தால்தான் பின்னர் மஅபரில் அவர் கண்ட பாளையத்தை ஒப்புநோக்க இயலும்.

ஹிஜ்ரி 726 ஷவ்வால் பிறையில் (1326 செப்டம்பர் வாக்கில்) இப்னு பதூதா திமிஷ்கிலிருந்து ஷாம் நாட்டு ஹஜ் காஃபிலாவுடன் புறப்பட்டார். கரக், மஆன் வழியாகத் தபூக் வந்து, அங்கே நான்கு நாட்கள் தங்கினர். ஒட்டகங்களுக்கு நீர் காட்டுவதும், அடுத்து வரும் கொடும்பாலைக்காக நீர் சேர்ப்பதுமே அத்தங்கலின் நோக்கம். எருமைத் தோலால் பெரிய தொட்டிகள் போல் அமைத்து, ஊற்று நீரை அவற்றில் நிரப்பினர். தபூக்கிலிருந்து அல்-உலாவரை இரவும் பகலும் நிற்காது விரைந்தனர். அவ்வழியில் ஓராண்டு வெங்காற்று வீசி நீர் வற்றியதையும், ஒரு மிடறு தண்ணீருக்கு ஆயிரம் தீனார் விலை கூறப்பட்டதையும், விற்றவர் வாங்கியவர் இருவருமே மாண்டதையும் அவர் பதிவு செய்கிறார். அல்-உலா மக்கள் நம்பிக்கைக்குரியவர்கள். எனவே ஹாஜிகள் மிகுதியான உணவுப் பொருட்களை அவர்களிடம் அமானிதமாக விட்டு, தேவையானதை மட்டும் எடுத்துச் சென்றனர். ஷாம் நாட்டுக் கிறிஸ்தவ வணிகரும் அவ்வூர் வரை வந்து வாணிபம் செய்தனர்.

ஹஜ் முடிந்தபின், நவம்பர் மாதத்தில், ஈராக் காஃபிலாவுடன் அவர் மக்காவிலிருந்து புறப்பட்டார். அக்காஃபிலாவின் அமீர் தம் சொந்தச் செலவில் அவருக்குப் பக்தாது வரை ஒட்டகச் சிவிகையில் பாதி இடத்தை வாடகைக்கு அமர்த்திக் கொடுத்தார். ஏழைப் பயணிகளுக்கு நீர் சுமக்கத் தனி ஒட்டகங்கள் இருந்தன. நோயுற்றோருக்கு மருந்து இருந்தது. நடக்க இயலாதோரை ஏற்றிச் செல்லவும் ஒட்டகங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பெரிய செப்புக் கொப்பரைகளில் சமைத்த உணவு, கட்டுச்சோறு இல்லாதவர்க்கு வழங்கப்பட்டது. இவையனைத்தும் சுல்தான் அபூ ஸயீதின் தர்மமாக நடந்தவை. இரவில் ஒட்டக வரிசையின் முன்னே தீப்பந்தங்கள் கொளுத்திச் சென்றதால், இருள் நீங்கிப் பகல் போல் விளங்கிற்று என்கிறார். வழியெங்கும் இருந்த கிணறுகளையும் நீர்த்தொட்டிகளையும் காணும்போதெல்லாம், ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் அவற்றை அமைத்த கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையாரை நன்றியோடு நினைவுகூர்கிறார்.

வலியவன் மெலியவனைச் சுமந்து செல்வதே காஃபிலாவின் அறம். அந்த ஒழுங்கிலே பயின்ற கண்களோடுதான் அவர் நம் நாட்டுக்கு வந்தார்.

மஅபர் கரையில்

பிற்காலத்தில் சோழமண்டலக் கரை என வழங்கப்பட்ட நம் கிழக்குக் கடற்கரையை அரபியர் ‘மஅபர்’ என்றனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். பாண்டியர் காலத்தில் ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து மஅபரிலும் அதனை அடுத்த துறைகளிலும் வந்து இறங்கியதாக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். பாண்டிய மன்னரின் அவையில் தகியுத்தீன் என்னும் முஸ்லிம் அமைச்சர் இருந்ததையும் அவரே குறிப்பிடுகிறார். 1311-இல் மாலிக் காஃபூர் படையெடுத்து வந்தபோது, பாண்டியர் பக்கம் நின்ற முஸ்லிம் வீரர்களைப் பற்றி அமீர் குஸ்ரூ எழுதியிருப்பதும் இங்கு நோக்கத்தக்கது.

தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் கீழ்க் காழியாக இருந்த இப்னு பதூதா, சீனத்திற்குத் தூதராக அனுப்பப்பட்டார். கள்ளிக்கோட்டைத் துறையில் புயலால் கப்பல்கள் அழிந்தன. பின்னர் மாலத்தீவில் காழியாக இருந்து, அங்குள்ள அமைச்சரோடு பகைத்து வெளியேறினார். இலங்கையில் புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு ஆதம் மலையைத் தரிசித்தார். 1344-ஆம் ஆண்டு வாக்கில் அங்கிருந்து மஅபருக்குக் கப்பல் ஏறினார்.

கரையை நெருங்கும் வேளையில் காற்று மிகுந்து கப்பல் தரைதட்டிற்று. பாய்மரத்தை வெட்டி எறிந்து, பலகைகளால் தெப்பம் கட்டினர். தெப்பத்தில் எல்லோருக்கும் இடமில்லை. தம் தோழர் இருவரையும் உடனிருந்த பெண்களையும் முதலில் கரைக்கு அனுப்பிவிட்டு, அவர் உடையும் கப்பலின் பின்புறத்தில் இரவு முழுவதும் தங்கினார். விடிந்ததும் அக்கரையில் வாழ்ந்த முஸ்லிமல்லாத மக்கள் படகில் வந்து அவர்களைக் கரைசேர்த்தனர். பனம்பழத்தை ஒத்த ஒரு கனியையும் நல்ல மீனையும் உண்ணக் கொடுத்தனர். அம்மரத்திலிருந்து சர்க்கரை போன்ற இனிப்புச் செய்யப்படுவதையும் அவர் குறிக்கிறார். நம் கருப்பட்டியைப் பற்றிய பழைய அரபுக் குறிப்புகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

அப்போது மதுரையை ஆண்டவர் கியாஸுத்தீன் தாமகானி. 1335 வாக்கில் தில்லிக்கு எதிராகத் தனியரசு கண்ட ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மருமகன் அவர். அஹ்ஸன் ஷாவின் மற்றொரு மகளைத் தில்லியில் இப்னு பதூதா மணந்திருந்தார். ஆதலால் இருவரும் சகலை முறையினர். இரண்டு நாள் வழித் தொலைவில் பாளையமிட்டிருந்த சுல்தானுக்குச் செய்தி அனுப்பினார். அமீர் ஒருவர் குதிரைகளோடும் பல்லக்கோடும் வந்து அழைத்துச் சென்றார். ‘ஹர்காத்து’ என்ற கோட்டையில் ஓரிரவு தங்கி, மறுநாள் பாளையத்தை அடைந்தனர்.

காலில் மோஜா அணியாமல் சுல்தான் முன் செல்லக் கூடாது என்பது அந்நாளைய வழக்கம். கடலில் அனைத்தையும் இழந்த அவரிடம் மோஜா இல்லை. அங்கே முஸ்லிம்கள் பலர் நின்றிருந்தும் எவரும் கொடுக்கவில்லை. ஓர் இந்து அன்பர் தம்முடையதைக் கழற்றிக் கொடுத்தார். தம் மார்க்கத்தவரினும் அவர் கொடையாளராக இருந்ததை வியந்து எழுதியிருக்கிறார் இப்னு பதூதா. கரைசேர்த்தவரும் காலுக்கு மோஜா தந்தவரும் யாவர் என்பதை மறைக்காமல் சொன்ன அந்நேர்மையை வாசகர் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

பாளையம்

பாளையத்திலிருந்து கடற்கரைப் பட்டினத்திற்கும், அங்கிருந்து மதுரைக்கும் வழி. இடையே மரமும் நாணலும் நெருங்கி, உட்புக இயலாத காடு. படையில் பெரியவர் சிறியவர் ஒவ்வொருவரும் கோடரி எடுத்து வர வேண்டும் என்பது ஆணை. காலை முதல் நண்பகல் வரை மரம் வெட்டினர். பின் அணி அணியாக அமர்ந்து உண்டு, மீண்டும் மாலை வரை வெட்டினர். தங்கும் இடத்தைச் சுற்றி மரக்கழிகளால் வேலி எழுப்பி, நான்கு வாசல் வைத்தனர். ‘கட்கர்’ என்று அதற்குப் பெயர். சுல்தானின் இருப்பிடத்திற்கு உள்ளே தனியாக ஒரு வேலி. வெளி வேலியைச் சுற்றித் திண்ணைகள் அமைத்து இரவெல்லாம் தீ மூட்டினர். காவலர் ஒவ்வொருவரிடமும் மெல்லிய நாணற்கட்டு ஒன்று இருந்தது. பகைவர் வரின் அனைவரும் அதனைக் கொளுத்துவர், இரவு பகலாகும்.

இரவைப் பகலாக்கும் தீ பற்றி அவர் எழுதும் இரண்டாம் இடம் இது. ஈராக் காஃபிலாவின் தீப்பந்தங்கள் ஏழை ஹாஜிக்கு வழி காட்டின. இந்தப் பாளையத்தின் தீயொளியில் அவர் கண்டதோ வேறு. காட்டில் அகப்பட்ட இந்து மக்களை, அவர்களின் மனைவி மக்களோடு, இரு முனையும் கூராக்கிய கழிகளைத் தோளில் சுமக்கச் செய்து பாளையத்திற்குக் கொண்டு வந்தனர். மறுநாள் காலையில் ஆடவரை நான்கு பிரிவாக்கி, நான்கு வாசல்களிலும் அதே கழிகளில் கழுவேற்றினர். பெண்களையும் குழந்தைகளையும் கொன்றனர். வேறெந்த மன்னனும் செய்து தாம் அறியாத அருவருக்கத்தக்க செயல் இது என்றும், இதனாலேயே இறைவன் அச்சுல்தானின் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் இப்னு பதூதா எழுதுகிறார்.

இத்தோடு அமையவில்லை. ஒரு நாள் சுல்தானின் ஒரு பக்கம் காழியும் மறு பக்கம் இப்னு பதூதாவும் அமர்ந்து உணவு கொண்டிருந்தபோது, ஒருவனை அவன் மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொண்டு வந்தனர். உணவு வேளையிலேயே வெட்ட ஆணை பிறந்தது. இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றொரு முறை ஒருவனின் கைகால்களைத் துண்டிக்க ஆணையிட்டபோது, தொழ வேண்டும் என்று கூறி எழுந்தார். சுல்தான் அதன் உட்பொருளை உணர்ந்து சிரித்தாராம்.

எண்பது வயதைக் கடந்த ஹொய்சள மன்னர் வீர வல்லாளரை 1342-இல் போரில் சிறைப்பிடித்த கியாஸுத்தீன், விடுவிப்பதாக வாக்களித்து அவருடைய செல்வம், யானை, குதிரை அனைத்தையும் பெற்றபின் கொன்றார். தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரை மதிலில் தொங்கவிட்டார். அது தொங்கியதைத் தம் கண்ணால் கண்டதாக இப்னு பதூதா கூறுகிறார். அதே வல்லாளரின் படையில் இருபதினாயிரம் முஸ்லிம்கள் இருந்தனர் என்பதும் அவர் தரும் செய்தியே. அவர்களை இழிந்தோர், குற்றவாளிகள், ஓடிப்போன அடிமைகள் என்று அவர் பழித்தாலும், அன்றைய போர்கள் இரு சமயங்களுக்கு இடையே நேர்கோடாக நடந்தவை அல்ல என்பதற்கு அது சான்று.

பட்டினமும் மதுரையும்

காட்டைக் கடந்து அவர் ‘ஃபத்தன்’ என்னும் துறைமுகத்தை அடைந்தார். இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள பெரியபட்டினமே அது என்பாரும், தேவிபட்டினம் என்பாரும் உளர். பெரியபட்டினத்தில் 1980-களில் நடந்த ஆய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. தடித்த மரங்களை நட்டு அதன் மேல் எழுப்பிய பெரிய மர மண்டபம் ஒன்றையும், கல்லால் ஆன அழகிய பள்ளிவாசலையும், அவ்வூரில் விளைந்த திராட்சை மாதுளைகளையும் அவர் வருணிக்கிறார். பழக்கிய சிங்கம் ஒன்றைத் தம்மோடு வைத்திருந்த நைசாபூர் ஷெய்கு ஒருவரையும் அங்கே கண்டார். அரை மாதம் அளவு தங்கிவிட்டு மதுரைக்குப் புறப்பட்டார்.

மதுரையை ‘முத்ரா’ என்று எழுதுகிறார். அகன்ற வீதிகளையுடைய பெருநகரம். தில்லியைப் போல் அமைய வேண்டுமென்று தம் மாமனார் அஹ்ஸன் ஷா அதனைத் தலைநகராக்கிச் செம்மை செய்தார் என்கிறார். ஆனால் அவர் நுழைந்தபோது நகரில் கொள்ளைநோய். நோயுற்றவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மிஞ்சினால் நான்காம் நாளோ இறந்தனர். வெளியே சென்றால் நோயாளியையோ ஜனாஸாவையோ தவிர வேறெதையும் காண இயலவில்லை. வறுமையுற்ற ஒரு விதவை தம் எட்டு வயது மகனோடு வந்து உதவி பெற்றுச் சென்றார். இருவரும் நலமாகவே இருந்தனர். மறுநாள் அத்தாய் தனியே வந்து மகனுக்குக் கஃபன் கேட்டார். அது எந்நோய் என்பதில் இன்றைய ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1348-இல் ஷாம் நாட்டில் அவர் காணவிருந்த பெருங்கொள்ளைநோய்க்குச் சில ஆண்டுகள் முற்பட்டது இது.

சுல்தான் மூன்று நாட்களே நகரில் இருந்தார். பின்னர் ஒரு ஃபர்ஸக் தொலைவில், கோயில் ஒன்று அமைந்த ஆற்றங்கரையில் பாளையமிட்டார். ஆற்றின் பெயர் நூலில் இல்லை. வைகை என்று கொள்வதே இயல்பு. ஃபர்ஸக் என்பது ஐந்தாறு கிலோமீட்டர். இன்று நகரின் மேற்கே காளவாசல் சந்திப்பில் நின்று தேனிச் சாலையையும் அதன் வடபுறம் ஓடும் வைகையையும் நோக்குவோர்க்கு அத்தொலைவு எவ்வளவு சிறிது என்பது விளங்கும். சூளை என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய அவ்விடத்தில் இன்று ஓயாத வாகன இரைச்சல். ஆற்றின் மேல்புறமோ கீழ்ப்புறமோ, எங்கோ இத்தகைய ஓரிடத்தில்தான், சாவுக்கு அஞ்சி வெளியேறிய அரசனின் கூடாரங்கள் நின்றன. ஆனால் கூடாரம் சாவைத் தடுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சுல்தானின் ஒரே மகன் இறந்தான். அடுத்த வியாழன் அவருடைய தாய் இறந்தார். மூன்றாம் வியாழன் சுல்தானே இறந்தார்.

இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. இதுவே முடிவு என்று எண்ணிய வேளையில், அங்கே மிகுதியாகக் கிடைத்த புளியை உண்ணுமாறு இறைவன் தம் உள்ளத்தில் உதிக்கச் செய்தான் என்கிறார். ஒரு ராத்தல் அளவு புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாட்கள் வயிறு போயிற்று, காய்ச்சல் நீங்கியது. புளிக்கு அரபியில் ‘தம்ருல் ஹிந்த்’, இந்தியப் பேரீச்சை என்று பெயர். அச்சொல்லே உருமாறி ஐரோப்பிய மொழிகளிலும் சென்று தங்கியது.

நகரை வெறுத்த அவர், புதிய சுல்தான் நாஸிருத்தீன் தடுத்தும் கேளாமல் பட்டினத்திற்குத் திரும்பி, யமன் செல்லும் கப்பல்களோடு புறப்பட்டார். கொல்லத்தில் மூன்று மாதம் தங்கினார். அதன்பின் மேற்குக் கடலில் கொள்ளையரிடம் உடுத்த உடை தவிர அனைத்தையும் இழந்தார். பயணக் குறிப்புகள் சிலவும் அதில் போயின. எனவே ரிஹ்லாவின் பெரும்பகுதி, ஹிஜ்ரி 756-இல் (1355) ஃபாஸ் நகரில் இப்னு ஜுஸையிடம் நினைவிலிருந்து சொல்லி எழுதப்பட்டதாகும்.

சாட்சியை எவ்வாறு படிப்பது?

மதுரை சுல்தான்களின் ஆட்சி 1378 வாக்கில் முற்றாக முடிந்தது. ஏறத்தாழ நாற்பத்து மூன்று ஆண்டுகளே நிலைத்த அவ்வாட்சி பற்றி இன்று இரு வகையாகப் பேசப்படுகிறது. ஒரு சாரார் கியாஸுத்தீனின் கொடுமைகளை எடுத்துக்காட்டி, அவற்றுக்கான பழியை இன்று இம்மண்ணில் வாழும் முஸ்லிம்களின் தலையில் ஏற்றுகின்றனர். மறு சாரார், நம்மவருள் சிலர், அப்பக்கங்களைப் பேசாமல் கடந்து, இப்னு பதூதாவின் மாதுளையையும் கல் பள்ளிவாசலையும் மட்டும் மேற்கோள் காட்டுகின்றனர். இரண்டுமே வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

முதல் சாராருக்குரிய மறுமொழி எளிது. தமிழ் முஸ்லிம் சமுதாயத்தின் வேர் மதுரைப் பாளையத்தில் இல்லை. அது கடல்வழி வந்த வணிகரிடமும், ஞானியரிடமும், இம்மண்ணிலேயே இஸ்லாத்தைத் தழுவியோரிடமும் உள்ளது. கி.பி. 849-ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டில் கூஃபி எழுத்தில் முஸ்லிம் வணிகர்கள் சாட்சிக் கையொப்பமிட்டுள்ளனர். மதுரையில் சுல்தான்கள் தோன்றுவதற்கு அது ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முற்பட்டது.

இரண்டாம் சாராருக்குச் சொல்ல வேண்டியது சற்றுக் கடினமானது. இக்கொடுமைகளை நமக்கு அறிவித்தவர் பகைவர் அல்லர். அவர் ஒரு முஸ்லிம்; ஷரீஅத் அறிந்த காழி; சுல்தானின் உறவினர்; அவர் அளித்த உணவை உண்டவர். மாலிக்கி மத்ஹபைச் சார்ந்த அவருக்கு, இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்துள்ள அபூபக்கர் (ரலி) அவர்களின் போர் அறிவுரைகள் தெரியாமல் இருந்திருக்க முடியாது. பெண்ணையும் குழந்தையையும் முதியவரையும் கொல்லாதீர், கனிதரும் மரத்தை வெட்டாதீர் என்பவை அவற்றின் சாரம். அந்த அளவுகோலைக் கொண்டே அவர் கியாஸுத்தீனை அளந்தார்; உறவு குறுக்கே நிற்கவில்லை. நாம் மறைக்க முயல்வது சுல்தானின் குற்றத்தை மட்டுமன்று; அக்குற்றத்தைக் கண்டித்த முஸ்லிம் அறிஞரின் குரலையும் சேர்த்தே மறைக்கிறோம்.

இப்னு பதூதாவை மாசற்றவராகக் காட்டுவதும் என் கருத்தன்று. மாலத்தீவின் மீது படை அனுப்புமாறு இதே சுல்தானுக்கு யோசனை கூறியவர் அவர்; கடலோட்டத்திற்குரிய பருவம் மூன்று மாதம் தள்ளியிருந்ததால் மட்டுமே அது உடனே நடவாது போயிற்று. மனிதரை விலைக்கு வாங்கும் அக்கால வழக்கம் அவரை உறுத்தவில்லை. சுல்தானின் முகத்துக்கு எதிரே அவர் கண்டித்ததாகவும் நூலில் இல்லை. முகத்தைத் திருப்பினார், தொழுகையைக் காரணம் காட்டி எழுந்தார், பின்னாளில் எழுதினார். அதிகாரத்தின் அருகில் அமர்ந்த அறிஞனின் எல்லை அது. ஆயினும் எழுதினார் என்பதே அவரைத் தம் காலத்து அவைப்புலவர் பலரினின்றும் வேறுபடுத்துகிறது.

அவர் ஊர் திரும்பியபோது பலர் அவர் சொல்லை நம்பவில்லை. இச்செய்தியைத் தம் முகத்திமாவில் குறிப்பிடும் இப்னு கல்தூன் (ரஹ்), தாம் காணாததை இல்லை என்று மறுக்கலாகாது என அமைச்சர் ஒருவர் தமக்கு அறிவுறுத்தியதையும் எழுதுகிறார். வரலாற்றில் பொய் நுழையும் வழிகளுள் முதலாவதாக அவர் வைப்பது, தம் கொள்கை மீதும் கூட்டத்தின் மீதும் உள்ள சார்பையே. சார்புடைய உள்ளம் தனக்கு ஏற்ற செய்தியை ஆராயாமல் ஏற்கும். ஏலாததை ஆராயாமல் தள்ளும். மதுரை வரலாற்றில் மேற்சொன்ன இரு சாராருக்கும் இது பொருந்தும்.

இப்னு கல்தூன் தம் வரலாற்று நூலுக்கு ‘கிதாபுல் இபர்’, படிப்பினைகளின் நூல், என்று பெயரிட்டார். ‘இப்ரத்’ என்னும் அச்சொல்லும் நம் கரைக்கு அரபியர் இட்ட ‘மஅபர்’ என்னும் பெயரும் ‘அபர’ என்ற ஒரே வேரில் தோன்றியவை. கடந்து செல்லுதல் என்பது அவ்வேரின் பொருள். காணும் நிகழ்ச்சியிலிருந்து அதன் உட்பொருளுக்குக் கடந்து செல்வதே படிப்பினை. அல்-உலா மக்களின் அமானிதமும், ஸுபைதா அம்மையாரின் கிணறுகளும், பெயர் தெரியாத இந்து அன்பர் கொடுத்த மோஜாவும், நான்கு வாசல்களில் நடப்பட்ட கழிகளும் ஒரே பயணியின் ஒரே நூலில் உள்ளன. அவற்றுள் ஒன்றையும் விடாமல் படிப்பவரே அந்தத் துறையைக் கடந்தவர் ஆவார்.